குழந்தைகளின் வயதுக் கணக்கு யாருக்கு?

தொலைக்காட்சி முதலாளிகளிடம் நமது குழந்தைகளின் வயதுக் கணக்கு இருக்கின்றது. எத்தனை வயதுக் குழந்தைகள், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த நிகழ்ச்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றார்கள் என்பது அவர்களுக்கு வாராவாரம் தெரிகின்றது. அந்தக் கணக்கைச் சோப்பு வியாபாரிக்கும், மிட்டாய் வியாபாரிக்கும், பானம் விற்கின்றவனுக்கும் காட்டிப் பணம் வாங்குகின்றார்கள். ஆனால் அந்தக் குழந்தையைப் பெற்றவள், "ஐயா, என் பிள்ளைக்கு வயது ஏழு, நீங்கள் போடுகின்ற இந்த நிகழ்ச்சி எத்தனை வயதுக்கு ஏற்றது?" என்று கேட்டால் மாத்திரம் அவர்களிடம் பதில் கிடையாது. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்துகின்ற சட்டமும் கிடையாது. இந்த அநியாயத்தைப் பற்றியே நாம் இங்கு எழுத முன்வந்தோம்.

இது நாம் கற்பித்துச் சொல்லுவதல்ல. தொலைக்காட்சி பார்ப்போரைக் கணக்கெடுப்பதற்கென்றே 'பார்க்' என்று சுருக்கமாய் அழைக்கப்படும் ஒரு ஸ்தாபனம் 2010-இல் ஏற்பட்டு, 2015 முதல் எண்ணிக்கை வெளியிட்டு வருகின்றது. ஒளிபரப்புவோர், விளம்பரம் கொடுப்போர், விளம்பர ஏஜெண்டுகள் ஆகிய மூன்று கூட்டத்தாரும் சேர்ந்து ஏற்படுத்திக் கொண்டதே அது. தேசமெங்கும் தெரிந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் ஒரு கருவியை வைத்து, வீட்டிலுள்ள ஆளுக்கொரு பொத்தான் கொடுத்திருக்கின்றார்கள். தொலைக்காட்சிக்கு முன் உட்காருகின்றவர் தமது பொத்தானை அழுத்தினால், அவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்பதெல்லாம் கணக்கில் ஏறிவிடும். இந்தக் கணக்கு 2 வயதிலிருந்து தொடங்குகின்றது. 2 முதல் 14 வரை ஒரு தனி வகுப்பு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓட்டு கிடையாது; சம்பாத்தியம் கிடையாது; சரியாய்ப் பேசக்கூட வராது. ஆனாலும் விளம்பர வியாபாரத்தில் அது ஒரு தலை. அந்தத் தலைக்கு ஒரு விலை!

இந்தக் கணக்கின்மேல் முதலாளிகளுக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு 2020-இல் நடந்த ஒன்றே போதுமானது. கருவி வைத்திருந்த வீட்டாருக்குக் காசு கொடுத்துத் தங்கள் எண்ணிக்கையை உயர்த்திக் கொண்டார்கள் என்று சில சானல்கள் மீது மும்பைப் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அதன்மேல் செய்திச் சானல்களின் வாராந்திர எண்ணிக்கையே நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மறுபடியும் வெளிவந்தது. குற்றம் உண்மையா பொய்யா என்பது நமக்கு இப்போது விஷயமல்ல. வியாபாரிக்குக் காட்டுகின்ற கணக்கு என்றால் அதற்கு இவ்வளவு மதிப்பு. தாய் தகப்பனுக்குக் காட்டவேண்டிய கணக்கு என்றால் அதற்குக் காகிதமே கிடையாது என்பதுதான் விஷயம்.

சட்டத்தின் லட்சணம்

நிற்க, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1994-ஆம் வருஷத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6-ஆவது விதியின் 5-ஆவது பிரிவு, குழந்தைகள் மிகுதியாய்ப் பார்க்கின்ற நேரத்தில் குழந்தைகளுக்கு ஏற்காத நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்கின்றது. கேட்பதற்கு மிகவும் நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் குழந்தைகளுக்கு எது ஏற்காதது என்று முதலில் முடிவு செய்கின்றவன் யார்? ஒளிபரப்புகின்றவனே. அந்த முடிவை அவன் எங்கேயாவது எழுதி வைக்கின்றானா? இல்லை. குழந்தைகள் மிகுதியாய்ப் பார்க்கின்ற நேரம் எது என்ற விவரமான கணக்கு யாரிடம் இருக்கின்றது? சந்தா கட்டி வாங்கிய முதலாளிகளிடமே இருக்கின்றது. ஆகவே குற்றம் செய்யக்கூடியவனே அளவுகோலையும் வைத்துக்கொண்டு, சாட்சியத்தையும் பூட்டி வைத்துக்கொண்டிருக்கின்றான். இப்படிப்பட்ட ஒரு விதியைக் கொண்டு எந்தத் தாய் எந்த வழக்கை நடத்த முடியும்?

அதே 6-ஆவது விதியில், மூடநம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் வளர்க்கின்ற நிகழ்ச்சி கூடாது என்றும் எழுதியிருக்கின்றது. 7-ஆவது விதியில், அதிசய சக்தி, தெய்வீக சக்தி உண்டென்று நிரூபிக்க முடியாதபடி சொல்லிச் சரக்கு விற்கும் விளம்பரம் கூடாது என்றும் எழுதியிருக்கின்றது. இவை பெரியவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்ட விதிகள். நடைமுறையோ, காலையில் ராசிபலன், பிற்பகலில் பரிகாரம், குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகத்தை எடுக்கின்ற மாலை நேரத்தில் பேயும், பில்லி சூனியமும், பழிவாங்குகின்ற பாம்பும்! பெரியவனுக்கே ஆகாதென்று சட்டம் சொல்லுகின்ற சரக்கை ஏழு வயதுப் பிள்ளைக்கு ஊட்டுகின்றவர்கள், "இது குடும்ப நிகழ்ச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக் கொள்ளுகின்றார்கள். குடும்பம் என்ற சொல்லுக்குள் பாட்டனும் பேரனும் ஒரே வயதாகி விடுகின்றார்கள் போலும்!

தங்களைத் தாங்களே திருத்திக் கொள்ளுவதாகச் சொல்லி ஒளிபரப்பாளர்களின் சங்கம் 2011-இல் ஓர் ஏற்பாடு செய்தது. நிகழ்ச்சிகளை இரண்டே வகுப்பாய்ப் பிரித்தார்கள். ஒன்று எல்லோரும் எந்நேரமும் பார்க்கலாம். மற்றொன்று இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மாத்திரம். புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவும் வைத்தார்கள். 3 வயதுக் குழந்தையும், 13 வயதுப் பெண்ணும், 60 வயதுக் கிழவரும் ஒரே வகுப்பு என்றால் அது வகுப்புப் பிரிவினையா, பிரிக்கக் கூடாதென்பதற்கு ஒரு தந்திரமா என்று கேட்கின்றோம். விளம்பரக்காரனுக்குக் கணக்குக் காட்டும்போது வயதை ஏழெட்டு வகுப்பாய்ப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, பெற்றவர்களுக்குக் காட்டும்போது மாத்திரம் இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் போய்விட்டதா?

தெரியாமல் போகவில்லை என்பதற்கு அவர்களுடைய கையெழுத்தே சாட்சி. 2021 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் செய்த விதிகளின்படி, இணையத்தின் வழியாய்க் காட்டப்படும் படங்களுக்கும் தொடர்களுக்கும், அனைவருக்கும், 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல், வயது வந்தோருக்கு என்று ஐந்து குறிகளில் ஒன்றைப் போட்டாக வேண்டும். அதில் வன்முறை உண்டா, பயமுறுத்தல் உண்டா என்பதையும் தொடக்கத்திலேயே காட்டியாக வேண்டும். 2023-இல் திருத்தப்பட்ட சினிமாச் சட்டத்திலும் இந்த 7, 13, 16 என்ற பிரிவு வந்துவிட்டது. நமது தமிழ்ச் சானல்களின் முதலாளிகளே இணையத்திலும் கடை வைத்திருக்கின்றார்கள். சன் குழுமத்துக்குச் சன் நெக்ஸ்ட். ஜீ குழுமத்துக்கு ஜீ5. ஒரே தொடர், ஒரே முதலாளி, ஒரே குழந்தை! கைப்பேசியில் பார்த்தால் வயதுக்குறி உண்டு. கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்தால் இல்லை. கைப்பேசியில் விஷமாய் இருப்பது கூடத்தில் அமிர்தமாகி விடுமா?

அமிர்தியில் பார்க்கட்டும்

"பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் கவனிக்க வேண்டும், வேண்டாமென்றால் அணைத்துவிட வேண்டியதுதானே?" என்று சில கனவான்கள் நமக்கு உபதேசம் செய்கின்றார்கள். அவர்களை நாம் ஒரு நாள் அமிர்திக்கு அழைக்கின்றோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கின்றது அமிர்தி. அருவியும், வனத்துறையின் உயிரியல் பூங்காவும் இருப்பதால் விடுமுறையில் பட்டணத்தார் உல்லாசத்துக்கு வருகின்றார்கள். கனவான்களும் அப்படி வந்தால், அருவியைப் பார்த்த பிறகு இந்தப் பக்கத்துக் குடிசைகளையும் எட்டிப் பார்க்கட்டும். 2006-இல் தொடங்கிய சர்க்காரின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு, பெட்டி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெட்டி இருக்கின்றது, ஆனால் பெற்றவர்கள் எங்கே இருக்கின்றார்கள்? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்ற இந்தத் தோல் பிரதேசத்திலே, தகப்பன் தோல் ஷாப்பிலும் தாய் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கின்ற குடும்பங்கள் ஏராளம். விடிந்தும் விடியாததுமாய்க் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டின பிறகே வீடு. வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றவளுக்கோ, கை முறத்திலும் கண் இலையிலும் இருந்தாக வேண்டும். இத்தனை கட்டு முடிக்காவிட்டால் இத்தனை ரூபாய் போச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குக் காவல் எழுத்தறியாத பாட்டி. பாட்டிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் காவல் அந்தப் பெட்டி. பெட்டியைப் பூட்டி வைக்கின்ற வசதி இருக்கின்றதென்றால் அதன் வழியெல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றது. ரிமோட்டோ பேரன் கையில் இருக்கின்றது. "பெற்றோர் வழிகாட்டுதல்" என்று சட்டத்தில் எழுதுகின்றவர்கள், மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் வீட்டில் இருக்கின்ற ஜாதியாரை மாத்திரமே மனதில் வைத்து எழுதுகின்றார்கள். பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று உழைக்கின்றவளை ஏசுவதற்கு முன், அவள் ஒரு நொடியில் பார்த்துத் தெரிந்து கொள்ளும்படி ஒரு குறியையாவது போட்டீர்களா என்று கேட்கின்றோம்.

அமிர்தியின் பூங்காவைப் பார்த்த கனவான்களுக்கு மற்றொரு விஷயமும் சொல்லுகின்றோம். நமது தேசத்தில் உயிரியல் பூங்கா நடத்துகின்றவர்கள் எத்தனை விலங்கு இருந்தது, எத்தனை பிறந்தது, எத்தனை இறந்தது என்ற கணக்கை மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்குக் காட்டியாக வேண்டும். எந்த விலங்குக்கு எந்தத் தீனி என்பதற்கும் ஒழுங்கு உண்டு. குட்டிக்குப் போடுவதும் கிழத்துக்குப் போடுவதும் ஒன்றல்ல என்பது அங்கே தீனி வைக்கின்ற காவலாளிக்குத் தெரியும். மானுக்குக் கணக்கு உண்டு. மனிதக் குழந்தைக்கு இல்லை!

தோல் ஷாப்புக்கு ஒரு நியாயம்

நமது பாலாற்றங்கரை ஜனங்களுக்கு இது புதிய வழக்கல்ல. தோல் ஷாப்புகள் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட்டு, கிணறும் நிலமும் கெட்டு, குடிக்கத் தண்ணீரில்லாமல் தவித்தபோது முதலாளிகள் என்ன சொன்னார்கள்? தொழில் நசிந்துவிடும், அந்நியச் செலாவணி போய்விடும் என்றார்கள். கடைசியாக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. கெடுத்தவனே அதன் செலவைக் கொடுக்க வேண்டும். கெடுதியில்லை என்று நிரூபிக்கும் பாரமும் தொழில் நடத்துகின்றவன் தலையிலேயே விழும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது.

அந்த நியாயத்தையே நாம் இங்கும் கேட்கின்றோம். ஆற்றில் விடுகின்ற தண்ணீரில் என்ன இருக்கின்றதென்று முதலாளி கணக்குக் கொடுக்க வேண்டுமென்றால், குழந்தையின் மூளையில் விடுகின்றதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டாமா? ஏழு வயதுப் பிள்ளைக்கு இது கெடுதி என்று அமிர்திப் பாட்டி நிரூபிக்க வேண்டுமா, கெடுதியில்லை என்று கோடிக்கணக்கில் விளம்பரப் பணம் வாங்குகின்றவன் நிரூபிக்க வேண்டுமா?

கெடுதி என்று நாம் சும்மா சொல்லவில்லை. 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, விளம்பரம் என்பது தம்மை வாங்கத் தூண்டுவதற்காகச் சொல்லுகின்ற பேச்சு என்பதைப் புரிந்து கொள்ளும் அறிவு வளர்ந்திருப்பதில்லை என்று அமெரிக்க உளவியலார் சங்கத்தின் குழு 2004-இல் எடுத்துக் காட்டியிருக்கின்றது. நமது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2022 ஜூனில், சிப்ஸ், குளிர்பானம் முதலிய குப்பைத் தின்பண்டங்களின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும், குழந்தைகளுக்கென்றே உள்ள சானலிலும் போடக்கூடாது என்று விதித்திருக்கின்றது. சந்தோஷம். ஆனால் எது குழந்தைகளுக்கான நிகழ்ச்சி? எழுதி வைத்தவர் ஒருவருமில்லை. சானலைப் பக்தி, பொழுதுபோக்கு, குழந்தைகள், சினிமா, செய்தி என்று ஒன்பது இனத்தில் ஒன்றாய்ச் சொல்லிவிட்டால் 2017-ஆம் வருஷத்திய விதிகளுக்குப் போதும். அதற்குள் ஓடுகின்ற நிகழ்ச்சி ஒவ்வொன்றும் எந்த வயதுக்கு என்ற கேள்வியே கிடையாது. ஆகவே பொழுதுபோக்குச் சானலின் நெடுந்தொடரை வீட்டிலுள்ள பிள்ளைகளெல்லாம் பார்த்தாலும், அது குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஆகாது. சிப்ஸ் விளம்பரம் தாராளமாய் ஓடலாம். சட்டம் ஒரு வாசலை அடைக்கின்றது. கணக்கில்லாமை ஒன்பது வாசலைத் திறந்து விடுகின்றது.

அமெரிக்காவில் கற்றுக் கொண்ட பாடம்

கணக்குக் கொடுக்கச் சொன்னால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் 1990-இல் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் செய்தார்கள். லைசென்சைப் புதுப்பிக்க வருகின்ற ஒவ்வொரு நிலையமும், குழந்தைகளின் அறிவுக்கு என்ன செய்தாய் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1992-இல் அந்தக் கணக்குகளைச் சிலர் எடுத்துப் பார்த்தபோது, 'ஜெட்சன்ஸ்', 'ஜி.ஐ. ஜோ' போன்ற வேடிக்கைச் சித்திரங்களையும் சண்டைச் சித்திரங்களையும் கல்வி நிகழ்ச்சி என்று எழுதியிருந்தது வெளியாயிற்று! ஆகாயத்தில் பறக்கின்ற குடும்பத்தைக் காட்டிவிட்டு, வருங்கால வாழ்க்கையைக் கற்பிக்கின்றோம் என்றார்கள்.

அதனால் 1996-இல் விதிகளை இறுக்கினார்கள். வாரத்துக்கு 3 மணி நேரம். நோக்கம் என்ன என்பதையும், எந்த வயதுக் குழந்தைக்கு என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் அச்சிடுகின்ற பத்திரிகைகளுக்கும் அந்த வயதைத் தெரிவிக்க வேண்டும். கணக்கை யாரும் பார்க்கலாம். யாரும் பார்க்கலாம் என்பதன் பலன் 2007-இல் தெரிந்தது. யூனிவிஷன் என்ற பெரிய கம்பெனி ஒரு நெடுந்தொடரைக் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சி என்று கணக்கில் எழுதியிருந்ததற்கு, ஆட்சேபம் கிளம்பி, 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று. பிறகு 2019-இல் மூன்று மாதக் கணக்கை வருஷக் கணக்காய்த் தளர்த்திவிட்டார்கள். கணக்கு இருந்தால் பொய்க் கணக்கும் இருக்கும். ஆனால் பொய்யை எழுத்தில் வாங்கினால்தான் பொய்யனைப் பிடிக்க முடியும் என்பதே இதில் நாம் கற்கவேண்டியது.

அந்நிய தேசத்து வழக்கம் நமக்கெதற்கு என்பவர்களுக்கும் பதில் இருக்கின்றது. 1975 ஆகஸ்டு முதல் ஒரு வருஷம், செயற்கைக் கோளின் மூலம் 6 மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியபோது, காலை நேரம் 5 முதல் 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றும், மாலை நேரம் பெரியவர்களுக்கென்றும் நமது நாட்டாரே பிரித்துக் காட்டினார்கள். 2019-இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த 2020-இல் எந்த வகுப்புக்கு எந்த மணி என்று அட்டவணை போட்டுப் பாடம் நடத்திற்று. ஏழைச் சர்க்கார் பள்ளி வாத்தியாரால் முடிந்தது, கோடீஸ்வரச் சானலால் முடியாதா?

கணக்கெழுதுவது பெரும் பாரம் என்பதும் வெறும் புரட்டு. 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் செய்த ஏற்பாட்டின்படி, சானல்கள் தினமும் 30 நிமிஷம் பொதுநலத்துக்கு ஒதுக்க வேண்டும். அதற்கு மாதா மாதம் அறிக்கை அனுப்பும்படி 2023 ஜனவரியில் உத்தரவும் போட்டது. கல்வி, விவசாயம், சுகாதாரம், விஞ்ஞானம், பெண்கள் நலம் என்று 8 தலைப்புகள் கொடுத்தார்கள். அவற்றில் குழந்தைகள் என்று தனித் தலைப்பு இல்லை! அறிக்கை உண்டு, அதை எழுத ஆள் உண்டு. வயது என்ற ஒரு கட்டம் கோடுவதற்கு மாத்திரம் மை இல்லை.

வெட்டச் சொல்லவில்லை

நாம் சர்க்காரின் கையில் கத்திரிக்கோலைக் கொடுக்கச் சொல்லவில்லை. அதை நமது வாசகர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் வெளியிட்ட ஒலி, ஒளிபரப்பு மசோதாவில் வயது வகுப்பும் இருந்தது. அத்துடன் கருத்துச் சொல்லுகின்றவர்களின் கழுத்தைப் பிடிக்கக்கூடிய பிரிவுகளும் இருந்தன. மறு வருஷம் அதன் திருத்தத்தைப் பொதுஜனங்களுக்குக் காட்டாமல் சிலருக்கு மாத்திரம் கொடுத்து, ஆட்சேபம் கிளம்பின பிறகு திரும்ப வாங்கிக் கொண்டார்கள். குழந்தையின் பெயரைச் சொல்லி வயது வந்தவனின் வாயை அடைப்பதை நாம் ஒப்ப மாட்டோம். வயது வந்தவன் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும். நாம் கேட்பது கணக்கு, தடையல்ல. நாம் வேண்டுவதாவது:

1. ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் அது எந்த வயதுக்கு ஏற்றது என்பதைத் தமிழில் எழுதியும், எழுத்தறியாதார் அறிய வாயால் சொல்லியும் காட்ட வேண்டும்.

2. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எந்த வயதுக்கு எத்தனை மணி நேரம் ஒளிபரப்பினோம், ஏன் அந்த வயது என்று தீர்மானித்தோம் என்பதைக் காரணத்துடன் தமிழில் வெளியிட வேண்டும்.

3. அதே அறிக்கையில், அந்த நிகழ்ச்சியை எந்த வயதார் எவ்வளவு பேர் பார்த்ததாக வியாபாரிகளுக்குக் கணக்குக் காட்டினார்களோ, அதையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

4. பொய்க் கணக்குக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் மந்திரிக்கும் வேண்டாம். முதலாளிகள் சங்கத்துக்கும் வேண்டாம். ஆசிரியர்கள், குழந்தை வைத்தியர்கள், உழைக்கும் பெண்கள் அடங்கிய தனிக் குழுவுக்கே இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்கும் எந்த நிகழ்ச்சியையும் நிறுத்தும் அதிகாரம் கூடாது.

இவற்றில் மூன்றாவதுதான் ஆணி வேர். ஒரு கட்டத்தில், "இந்தப் பேய்த் தொடர் 13 வயதுக்கு மேல்" என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில், "பார்த்தவர்களில் இத்தனை லட்சம் பேர் 14 வயதுக்குக் கீழ்" என்று எழுதும்படி வந்தால், நாம் பிரசங்கம் செய்ய வேண்டியதே இல்லை. அந்த இரண்டு கட்டங்களே பிரசங்கம் செய்யும். அல்லது வெட்கத்தை விட்டு, "பில்லி சூனியம் 7 வயதுக்கு ஏற்றது; காரணம் இன்னது" என்று கையெழுத்துப் போடட்டும். அந்தக் காரணத்தை நாடெங்கும் படித்துக் காட்ட நாம் தயாராயிருக்கின்றோம்.

தோழர்களே! இதை டில்லியில் யாரோ செய்து கொடுப்பார்கள் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்கள் கேட்கட்டும். கிராம சபைகளில் தீர்மானம் போடட்டும். ஷூ கம்பெனித் தொழிலாளர் சங்கங்கள் கூலியோடு சேர்த்து இதையும் பேசட்டும். ஏனெனில் தாயைக் காலையில் வண்டியேற்றிக் கொண்டு போகின்ற உலகம்தான் அவள் பிள்ளையை மாலையில் பெட்டிக்கு ஒப்படைத்திருக்கின்றது. நமது குழந்தைகளின் வயதை விற்று வயிறு வளர்க்கின்றவர்கள், அந்த வயதுக்கு என்ன கொடுத்தோம் என்று நமக்குக் கணக்குச் சொல்லட்டும். சொல்ல மாட்டோம் என்றால், நமது குழந்தைகளை எண்ணுவதையும் அவர்கள் நிறுத்திக் கொள்ளட்டும்.